நெற்றி வியர்வையைத் துடைக்க எட்டு ஆவர்த்தனம்

கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மேடையில் இன்னொரு காரியமும் நடக்கும். எல்லார் கண்ணும் மிருதங்கத்தின் பக்கம் திரும்பிவிடுவதால் அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. பாடகர் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரில் தொண்டையை நனைத்துக்கொள்வார். வயலின் வித்வான் வில்லை மடியில் கிடத்திவிட்டு, துண்டை எடுத்து முகத்தையும் கழுத்தையும் ஒற்றிக்கொள்வார். அதே துண்டின் நுனியால் தந்திகளுக்கு அடியில் ஓர் இழுப்பு இழுத்துத் துடைப்பார். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவார். எட்டு வருடம் வயலின் கற்றவன் என்பதால் என் பார்வை எப்போதும் அங்கேதான் போய் நிற்கும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம் அவருக்கு எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும்.

மேற்கத்திய வயலின் கான்செர்ட்டோவில், அதாவது ஒரு வயலினை முன்னிறுத்தி முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பில், இந்த ஏற்பாடு தலைகீழ். அங்கே தனி என்பது வயலின்காரருக்கு உரியது. கடென்ஸா என்பார்கள். ஒரு கட்டத்தில் மொத்த சிம்பொனி இசைக்குழுவும் வாத்தியங்களை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்க, குழுவை நடத்துபவரும் கையைத் தாழ்த்திக்கொள்ள, நின்றுகொண்டிருக்கும் ஒரே ஒரு மனிதர் மட்டும் வாசிப்பார். இளைப்பாறுவது எண்பது பேர், உழைப்பது ஒருவர். அது முடிந்ததும் இசைக்குழு புதுத்தெம்போடு எழுந்துவரும். அவர் மட்டும் மூச்சுவிடாமல் அதோடு சேர்ந்து ஓட வேண்டும். அவர் முகம் துடைத்துக்கொள்ள யார் நேரம் கொடுப்பது?

சோவியத் வயலின் வித்வான் டேவிட் ஓய்ஸ்த்ராக் இதை வாய்விட்டே கேட்டார். 1955இல், அதே நாட்டு இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் வயலின் கான்செர்ட்டோவை அரங்கேற்றத் தயாராகிக்கொண்டிருந்த நாட்களில். கடைசிப் பகுதியின் முதல் எட்டு ஆவர்த்தனத்தை இசைக்குழுவிடம் கொடுத்துவிடுங்கள், நெற்றி வியர்வையையாவது துடைத்துக்கொள்கிறேன் என்று இசையமைப்பாளரிடமே சொன்னார். நிச்சயமாக, நிச்சயமாக, எனக்கே இது தோன்றாமல் போயிற்றே என்று ஷோஸ்டகோவிச் பதறிப்போனாராம். மறுநாள் மாற்றி எழுதிய பக்கத்தோடு வந்துவிட்டாராம். கூட இருந்து பார்த்த இசையமைப்பாளர் வெனியமின் பாஸ்னர் சொல்லிச் சென்ற செய்தி இது. (மேற்கத்திய இசையின் தாள அளவை வேறு. அதை ஆவர்த்தனம் என்று நான் எழுதுவது நமக்குப் பழகிய சொல் என்பதால்தான்.)

இதைப் படித்த நாளிலிருந்து அந்த கான்செர்ட்டோவை நான் கேட்கும் விதமே மாறிவிட்டது.

ஓய்ஸ்த்ராக் 1908இல் கருங்கடல் கரையில் உள்ள ஒதெஸாவில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஊரில் பியோதர் ஸ்தோல்யார்ஸ்கி என்றொரு வாத்தியார் இருந்தார். குழந்தைகளைத் தேடிப் பிடித்து வயலின் சொல்லிக்கொடுத்தவர். நேதன் மில்ஸ்டைனும் அவரிடம் பயின்றவர்தான். ஓய்ஸ்த்ராக் பிறகு மாஸ்கோ போனார், 1935இல் வார்சாவில் நடந்த வீனியாவ்ஸ்கி போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பிரான்சிலிருந்து வந்திருந்த ஜினெட் நெவு என்ற பதினைந்து வயதுப் பெண்ணுக்கு. அந்தப் பெண்ணின் திறமை அசாத்தியமானது, அவளுக்குப் பரிசு போனது நியாயமே என்று மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து, 1937இல், பிரஸ்ஸல்ஸில் நடந்த இசாயி போட்டியில் முதல் பரிசு வாங்கினார். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அதே 1937தான் மாஸ்கோவில் ஸ்டாலினின் போலீஸ் ராத்திரி ராத்திரியாக ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன வருடமும். தாங்கள் குடியிருந்த கட்டடத்தில் தங்கள் வீடும் எதிர்வீடும் தவிர எல்லா வீடுகளிலும் யாரையாவது கொண்டுபோய்விட்டார்கள் என்று ஓய்ஸ்த்ராக் பிற்காலத்தில் சொன்னதைப் பாடகி கலீனா விஷ்னெவ்ஸ்கயா பதிவு செய்திருக்கிறார். ஒவ்வோர் இரவும் தங்கள் முறை என்று காத்திருந்திருக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸ் மேடையில் கைதட்டல் வாங்கிய அதே மனிதர் ஊர் திரும்பியதும் லிஃப்ட் ஏறிவரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியிருந்தது. இது தெரிந்தால்தான் ஷோஸ்டகோவிச் அந்த கான்செர்ட்டோவை ஏன் அவருக்கு எழுதினார் என்பதும், அதை ஏழு வருடம் இருவருமாக எப்படிப் பொத்திவைத்தார்கள் என்பதும் புரியும்.

எழுதத் தொடங்கியது 1947 ஜூலையில். முடித்தது 1948 மார்ச்சில். இடைப்பட்ட மாதங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு இசையமைப்பாளர்களைக் கூட்டிவைத்து, கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷ்தானவ் தலைமையில் நாள் கணக்காகக் கண்டித்தது. அந்தக் கூட்டம் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே மின்ஸ்க் நகரில் யூத நாடகக் கலைஞர் சாலமன் மிகோயெல்ஸ் இறந்து கிடந்தார். விபத்து என்று சொல்லப்பட்டது, உண்மையில் அரசு செய்த கொலை. ஷோஸ்டகோவிச் கூட்டத்திலிருந்து மிகோயெல்ஸ் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார். அவரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது என்று அங்கே முணுமுணுத்தாராம். பிப்ரவரி 10ஆம் தேதி தீர்மானம் வெளியானது. மக்களுக்கு ஆகாத இசை எழுதுகிறவர்கள் பட்டியலில் அவர் பெயரும் புரகோஃபியெவ் பெயரும் கச்சத்தூரியன் பெயரும் இருந்தன. அந்த வருடமே மாஸ்கோ, லெனின்கிராடு இரண்டு இசைக் கல்லூரிகளிலும் அவருடைய ஆசிரியர் வேலை போயிற்று.

இத்தனைக்கும் நடுவே, பகலெல்லாம் வசவு வாங்கிக்கொண்டு மாலையில் வீடு வந்து, இந்த கான்செர்ட்டோவை விட்ட இடத்திலிருந்து எழுதிக்கொண்டிருந்தார். தீர்மானம் வெளியானபோது எழுதிக்கொண்டிருந்த இடத்தை, பின்னாளில் கையெழுத்துப் படியில் விரல் வைத்துக் காட்டியதாகச் சொல்வார்கள். அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் இசையில் எந்தத் தடுமாற்றமும் தெரியவில்லையாம். எனக்கு இது வியப்பாக இல்லை. துக்க வீட்டில் அடுப்பங்கரையை விட்டு அசையாமல் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக்கொண்டே இருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கை ஓயக்கூடாது என்பதுதான் அவர்களுக்கு அந்த நேரத்துப் பிடிமானம்.

எழுதி முடித்ததும் மேஜை டிராயருக்குள் போனது. வெளியே சொல்ல முடியாது, வாசிக்கவும் முடியாது. ஸ்டாலின் 1953 மார்ச் 5ஆம் தேதி இறந்தார். புரகோஃபியெவும் அன்றே இறந்தார். ஊர் முழுக்க ஸ்டாலினுக்குத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, புரகோஃபியெவின் எளிய இறுதி நிகழ்ச்சியில் வயலின் வாசித்தவர் ஓய்ஸ்த்ராக்தான். அதற்குப் பிறகும் கான்செர்ட்டோ வெளியே வர இரண்டரை வருடம் பிடித்தது.

இனி இசைக்கு வருகிறேன். இதில் நான்கு பகுதிகள். முதலாவது நாக்டர்ன், அதாவது இரவுப் பாட்டு. செல்லோக்களும் டபுள் பாஸ்களும் அடிக்குரலில் தொடங்க, வயலின் சற்று நேரத்தில் வந்து சேர்கிறது. வந்து சேர்ந்த பிறகு விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறது, ஆனால் குரலை உயர்த்துவதே இல்லை. சுவருக்குக் காது உண்டு என்று தெரிந்தவர் பேசும் பேச்சு அது. இந்த கான்செர்ட்டோவுக்கு ஷோஸ்டகோவிச் டிரம்பெட்டையும் டிராம்போனையும் சேர்க்கவில்லை. பித்தளை வாத்தியங்களில் நான்கு ஃபிரெஞ்சு ஹார்ன்கள், ஒரு டியூபா, அவ்வளவுதான். அதனால் பளபளப்பே இல்லாமல் மொத்த நிறமும் மங்கிக் கிடக்கிறது. ஒற்றை வயலின் இத்தனை பேருக்கு நடுவில் கேட்க வேண்டுமே என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

இரண்டாவது பகுதி ஸ்கெர்ட்சோ, அதாவது விளையாட்டுத்தனமான வேகப் பகுதி. புல்லாங்குழலும் பேஸ் கிளாரினெட்டும் ஓடிப்பிடித்து விளையாட, வயலின் குறுக்கே குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நடுவில் யூதக் கல்யாண வீட்டு நடனம் போல ஒன்று வெடித்து எழும். யூதர்களுக்கு எதிராக அரசே கிளம்பியிருந்த காலத்தில் இதை எழுதினார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும். தன் பெயரின் எழுத்துகளை ஜெர்மானிய முறையில் சுரமாக்கி அவர் உருவாக்கிய நான்கு சுர முத்திரை பிற்காலத்து இசையில் அடிக்கடி வரும். அதன் முதல் சாயல்களில் ஒன்று இந்த ஸ்கெர்ட்சோவில்தான் தலைகாட்டுகிறது. நம் வாக்கேயக்காரர்கள் கிருதியில் முத்திரை வைப்பதைப் போலத்தான். ஆனால் இவர் முத்திரை வைத்த கிருதியை டிராயருக்குள் பூட்டிவைக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது பகுதிதான் என் உயிர். பாசகாலியா என்ற பழைய வடிவம். அடியில் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்க, அதன்மேல் மற்றதெல்லாம் அடுக்கடுக்காக ஏறும். இங்கே அந்த அடிமெட்டு 17 ஆவர்த்தனம் நீளம். எட்டு பதினாறு என்று சமமாக முடிந்திருந்தால் காது எளிதாகக் கணக்குப் போட்டுவிடும். 17 என்பதால் ஒவ்வொரு சுற்றும் முடியும் இடத்தில் ஒரு கணம் கால் தவறுகிறது. முதலில் செல்லோக்களும் டபுள் பாஸ்களும் அதைப் பாறை நகர்வது போல நகர்த்துகின்றன, மேலே ஹார்ன்கள் கதவு தட்டுவது போல ஒரு லயத்தைத் தட்டுகின்றன. வயலின் அதுவரை வாயே திறக்காது. காத்திருந்து, ஒரு சுற்றின் தொடக்கத்தில், மிக மெல்லிசாக, இப்போதுதான் அழத் தொடங்கியவர் போல உள்ளே நுழைகிறது. சுற்றுக்குச் சுற்று அந்த அழுகை வலுக்கிறது. ஒரு கட்டத்தில், அதுவரை கீழே கிடந்த அடிமெட்டை வயலினே எடுத்துக்கொண்டு இரட்டைத் தந்தியில் ஓங்கி வாசிக்கிறது. மற்றவர்கள் சுமந்துகொண்டிருந்ததை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொள்வது போல.

பிறகு இசைக்குழு ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறது. சாவு வீட்டிலிருந்து ஆட்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது போல. கடைசியில் வயலின் மட்டும் மிஞ்சுகிறது. கடென்ஸா அங்கேதான் தொடங்குகிறது.

பொதுவாக கடென்ஸா என்பது வித்தை காட்டுமிடம். இது அப்படி இல்லை. ஏறக்குறைய ஐந்து நிமிடம் நீளும் இந்தத் தனி, தனியொரு பகுதி என்றே சொல்லத்தக்கது. கேட்கிறதா கேட்கவில்லையா என்னும் அளவில் தொடங்குகிறது. ஹார்ன்கள் தட்டிய அந்த லயத்தை வயலின் ஞாபகப்படுத்திப் பார்க்கிறது. மெல்ல மெல்ல இரண்டு தந்தி, மூன்று தந்தி என்று சேர்த்து வாசிக்கும்படி எழுதியிருக்கிறார். வேகம் கூடுகிறது. ஸ்கெர்ட்சோவின் துண்டுகள், அந்த முத்திரையோடு, திரும்ப வருகின்றன. வில் நான்கு தந்திகளுக்கும் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓட, இடது கை எட்டாத இடங்களுக்கெல்லாம் எட்டிப் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்க ஒரு கமா கிடையாது. அந்த ஓட்டத்திலேயே, நிறுத்தாமல், நான்காவது பகுதிக்குள் பாய்ந்துவிட வேண்டும்.

இதற்கு முன்பே அவர் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் நின்றுகொண்டு வாசித்திருக்கிறார் என்பதை மறக்கக்கூடாது.

வியர்வையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. சித்திரை வெயிலில், மின்விசிறி சுற்றினால் சுருதி கேட்காது என்று சார் அதை நிறுத்திவிட்டுத்தான் பாடம் எடுப்பார். அடதாள வர்ணத்தை இரண்டு காலம் வாசித்து முடிப்பதற்குள் புருவத்தில் திரண்ட துளி கண்ணுக்குள் இறங்கிவிடும். எரிச்சலில் கண்ணை மூடினால் வில் கோணிக்கொள்ளும். விரல் நுனியில் ஈரம் ஏறினால் தந்தியில் பிடி நிற்காது, கமகம் வழுக்கிக்கொண்டு வேறு சுரத்தில் போய் நிற்கும். வில்லின் முடியில் ரோசினோடு ஈரம் பட்டுவிட்டால் அன்றைக்கு நாதமே கிடையாது, வறட்டென்று ஓர் இரைச்சல்தான் வரும். நாங்களாவது தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். கழுத்து எங்களுடையது. அவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை. தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வாத்தியத்தை இடுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். வழியும் வியர்வை முழுக்க அந்த இடுக்கில்தான் போய்ச் சேரும்.

சென்ற வருடம் சாரைப் பார்க்கப் போயிருந்தபோது என் கைப்பேசியில் இந்த கான்செர்ட்டோவைப் போட்டுக் காட்டினேன். எண்பதைத் தாண்டிவிட்டார், இப்போது வாசிப்பதில்லை. நாக்டர்ன் அவருக்குப் பிடிபடவில்லை. எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லையே என்று சொல்லிக்கொண்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். பாசகாலியா தொடங்கிய பிறகு அவர் கை தொடையில் மெல்லத் தட்டிக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் நிமிர்ந்தார். பதினேழா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். வேறெதுவும் பேசவில்லை. கடென்ஸாவின்போது அவருடைய வலது மணிக்கட்டு, வில் எதுவும் இல்லாமலேயே, மடியில் அசைந்துகொண்டிருந்தது. முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இவருக்கு அப்போது என்ன வயது? நாற்பத்தேழு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அரங்கேற்றம் 1955 அக்டோபர் 29ஆம் தேதி, லெனின்கிராடு ஃபில்ஹார்மோனிக்கின் பெரிய அரங்கில். குழுவை நடத்தியவர் யெவ்கேனி ம்ராவின்ஸ்கி. 1938இல் பொறுப்பேற்று 1988இல் இறக்கும்வரை ஐம்பது வருடம் அந்த ஒரே இசைக்குழுவோடு வாழ்ந்தவர். ஷோஸ்டகோவிச்சின் ஐந்தாவது சிம்பொனி 1937இல் அவர் கையால்தான், அதே அரங்கில்தான் அரங்கேறியது. ஜெர்மன் படைகளின் முற்றுகைக்குள் பசியில் கிடந்த அந்த நகரத்தில் 1942 ஆகஸ்ட் 9ஆம் தேதி, கார்ல் எலியாஸ்பெர்க் நடத்த, ஏழாவது சிம்பொனி வாசிக்கப்பட்டதும் அதே அரங்கில்தான்.

அரங்கேற்றத்தோடு ஓய்ஸ்த்ராக் தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடவில்லை. மறுவருடம் சோவியத் இசைப் பத்திரிகையில் இந்த கான்செர்ட்டோவைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை எழுதினார். எடுத்த எடுப்பில் இது தனக்கு வசப்படவில்லை என்பதை மறைக்காமல் சொன்னார். வயலின் பாகத்தை ஷேக்ஸ்பியர் நாடகத்தின் முக்கியப் பாத்திரத்தோடு ஒப்பிட்டார். நடிகர் தன்னை முழுக்கக் கொடுக்காமல் அதை நடிக்க முடியாது என்பது அவர் கருத்து. ஒரு வயலின் வித்வான், தான் வாசித்த படைப்புக்கு வக்கீலாகவும் நிற்க வேண்டியிருந்த காலம் அது. நின்றார்.

நியூயார்க் கதையையும் சொல்ல வேண்டும். 1949இல் ஒரு சமாதான மாநாட்டுக்காக ஷோஸ்டகோவிச்சை அரசு நியூயார்க் அனுப்பியது. ஊரில் அவருடைய இசைக்குத் தடை, வெளியூரில் அவர் நாட்டின் பெருமை. யாரோ எழுதிக் கொடுத்த உரை அவர் பெயரில் அங்கே வாசிக்கப்பட்டது. மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் திரண்ட கூட்டத்தின் முன் தன் ஐந்தாவது சிம்பொனியின் ஸ்கெர்ட்சோவைப் பியானோவில் வாசித்துவிட்டுத் திரும்பினார். அப்போது இந்த கான்செர்ட்டோ எழுதி முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது, மாஸ்கோவில் டிராயருக்குள் கிடந்தது. ஆறு வருடம் கழித்து அதே நியூயார்க்குக்கு அந்த கான்செர்ட்டோவை எடுத்துக்கொண்டு ஓய்ஸ்த்ராக் போனார்.

அவர் அமெரிக்காவில் முதன்முதலாக வாசித்த நாள் 1955 நவம்பர் 20. அன்று ஒரே நாளில் கார்னகி ஹாலில் மூன்று வயலின் கச்சேரிகள்: மீஷா எல்மன், ஓய்ஸ்த்ராக், இரவில் நேதன் மில்ஸ்டைன். மூவருமே பழைய ரஷ்யப் பேரரசின் தென்பகுதியில் பிறந்த யூதர்கள். ஸ்தோல்யார்ஸ்கியின் இரண்டு பிள்ளைகள் கடல் தாண்டி ஒரே மேடையில் சில மணி நேர இடைவெளியில் ஏறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. டிசம்பர் 29ஆம் தேதி, திமித்ரி மித்ரோபுலஸ் நடத்த, நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கோடு இந்த கான்செர்ட்டோவை வாசித்தார். ஜனவரித் தொடக்கத்தில் கொலம்பியா நிறுவனம் அதை இசைத்தட்டாகப் பதிவு செய்தது. அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. முதன்முறையாகக் கேட்கப் போகிறவர்களுக்கு அதைத்தான் நான் சொல்வேன். ஒலி பழையதுதான். ஆனால் மித்ரோபுலஸ் அடியிலிருந்து பாசகாலியாவை எழுப்பும் விதத்தைப் பிறகு வந்த பளிச்சென்ற பதிவுகள் எதிலும் நான் கேட்கவில்லை.

இப்போது அந்த எட்டு ஆவர்த்தனத்துக்கு வருகிறேன். கடென்ஸா உச்சத்துக்குப் போய், வயலின் எரிந்துகொண்டிருக்கும்போதே, டிம்பனி முரசு இடியாக விழ, பர்லெஸ்க், அதாவது கேலிக்கூத்து, என்ற நான்காவது பகுதி திறக்கிறது. மரக்குழல் வாத்தியங்களும் சைலஃபோனும் ஒரு திருவிழாக் கும்பல் போலக் கூத்தடித்துக்கொண்டு உள்ளே நுழைகின்றன. அந்தக் கூத்தில் வயலின் முதலில் இல்லை. ஷோஸ்டகோவிச் முதலில் எழுதிய வடிவத்தில் அந்த மெட்டை வயலின்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஓய்ஸ்த்ராக் கேட்டதால் இசைக்குழுவுக்குப் போயிற்று.

அந்தக் கைக்குட்டை நேரம் வெறும் ஓய்வாக நின்றுவிட்டதா என்றால், இல்லவே இல்லை என்பேன். ஐந்து நிமிடம் ஒருவர் தனியாக நின்று, கடைசிச் சொட்டுவரை கொட்டித் தீர்த்திருக்கிறார். அந்தக் கணத்தில் ஊர் சந்தைக்கடைச் சத்தத்தோடு உள்ளே வருகிறது, அவரைக் கண்டுகொள்ளாமலே ஆடத் தொடங்குகிறது. அவர் ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். பிறகு, வேறு வழியில்லாமல், அவரும் அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்கிறார். 1948இல் மாஸ்கோவில் வாழ்ந்த ஒரு கலைஞரின் நிலைமையை இதைவிடத் துல்லியமாக எப்படிச் சொல்வது? வயலினே அந்த மெட்டைத் தொடங்கியிருந்தால் அழுதவரே உடனே துள்ளி ஆடியதாக ஆகியிருக்கும். அந்த இடைவெளி வந்ததால்தான் ஆட்டம் வெளியிலிருந்து வருகிறது என்பது காதுக்குத் தெரிகிறது. பர்லெஸ்க்கின் நடுவே பாசகாலியாவின் அடிமெட்டு கிளாரினெட்டிலும் ஹார்னிலும் சைலஃபோனிலும் கேலிக்குரலில் திரும்ப வருகிறதே, அந்தக் குத்தலும் இப்படித் தொடங்கியதால்தான் ஆழமாக இறங்குகிறது.

இன்று வயலின்காரர்களில் சிலர் அசல் கையெழுத்துப் படிதான் உண்மையான வடிவம் என்று அதைத் தேடிப் போகிறார்கள். அவர்களுடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் கஷ்டம் கூடினால் உயர்வும் கூடும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருந்தால், அதை நான் ஏற்கமாட்டேன். வாசிக்கிறவர் உடம்பு தாங்காத இசை அரைகுறைதான். ஓய்ஸ்த்ராக்கின் கையில் இல்லாத வித்தை எதுவும் அந்தக் காலத்து வயலினில் கிடையாது. அவர் கேட்டது முடியாமல் போனதால் அல்ல. இதை ஒரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்துவிடலாம், ஊர் ஊராக, ஆண்டுக்கணக்கில் வாசிக்க வேண்டுமென்றால் உடம்புக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது மேடையில் பல காலம் நின்றவருக்குத் தெரியும். அதைக் கேட்க அவர் கூச்சப்படவில்லை. தன் எழுத்தில் ஒருவர் கைவைக்கச் சொல்கிறாரே என்று ஷோஸ்டகோவிச்சும் முகம் சுளிக்கவில்லை. ஏழு வருடம் ஒன்றாகப் பயந்தவர்களுக்கு இடையில்தான் இப்படிக் கேட்கவும் கொடுக்கவும் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கான்செர்ட்டோ அச்சானபோது, ஷோஸ்டகோவிச்சின் படைப்புகளின் வரிசையில் அதற்கு 99 என்ற எண் கொடுத்தார்கள். 1948இல் எழுதியது என்று பார்த்தால் 77ஆக இருந்திருக்க வேண்டும். டிராயரில் கிடந்த வருடங்கள் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் மறைந்துகிடந்தன. பிறகு 77 திரும்பவும் அதற்கே வந்து சேர்ந்தது.

பின்னாளில் ஷோஸ்டகோவிச், ஓய்ஸ்த்ராக்கின் அறுபதாவது பிறந்தநாளுக்காக இரண்டாவது வயலின் கான்செர்ட்டோவை எழுதினார். கணக்குத் தப்பி ஒரு வருடம் முன்னதாகவே, 1967இல், கொடுத்துவிட்டார். தவறு தெரிந்ததும் மறுவருடம், உண்மையான அறுபதுக்காக, ஒரு வயலின் சொனாட்டாவையும் எழுதிக் கொடுத்தார். சொனாட்டாவை ஓய்ஸ்த்ராக்கும் பியானோவில் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்தரும் சேர்ந்து 1969இல் மாஸ்கோவில் அரங்கேற்றினார்கள்.

ஓய்ஸ்த்ராக்குக்கு 1964இல் மாரடைப்பு வந்தது. அதற்குப் பிறகும் அவர் ஓட்டம் குறையவில்லை. வயலினோடு, இசைக்குழுக்களை நடத்துவதையும் சேர்த்துக்கொண்டார். 1974 அக்டோபர் 24ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமில் பிராம்ஸ் இசை நிகழ்ச்சிகளை நடத்திக்கொண்டிருந்த நாட்களில், அங்கேயே இறந்துபோனார். பத்து மாதம்கூட ஆகவில்லை, அடுத்த ஆகஸ்டில் ஷோஸ்டகோவிச்சும் போய்விட்டார்.

ஓய்ஸ்த்ராக் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்னால், 1972இல், லண்டனில் நியூ ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவோடு முதல் கான்செர்ட்டோவை அவர் இன்னொரு முறை பதிவு செய்தார். நடத்தியவர் இசையமைப்பாளரின் மகன் மக்ஸீம் ஷோஸ்டகோவிச். அதைத்தான் நேற்று ராத்திரி கேட்டுக்கொண்டிருந்தேன். நியூயார்க் பதிவின் சீற்றம் இதில் இல்லை. வேகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது, வில் இன்னும் கனமாக இறங்குகிறது. கடென்ஸா முடிந்து டிம்பனி விழுந்ததும் ஒலியை இரண்டு படி குறைத்துக்கொண்டேன். அறுபத்து நான்கு வயது, ஒருமுறை அடி வாங்கிய இதயம். சைலஃபோன் கூத்தடிக்கும் அந்தச் சில நொடிகளில் அவர் கையில் கைக்குட்டை இருந்திருக்கும்.